ஆலைக்காரன் மைந்தன்

ஐரோப்பியர் இசையை ஏட்டைப் பார்த்தே பயில்வர் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆயினும் நார்வே தேசத்து மலைநாட்டார் தம் பழம் பிடில் மெட்டுக்களைக் குருமுகமாகவே கற்று வந்தனர். அங்ஙனம் கற்றோருள் புகழ்மிக்கவர் தோர்கெய்ர் ஔகுன்சன் என்பார்.

இவர் 1801-ஆம் ஆண்டில் தெலமார்க் பகுதியில் எளிய குடியிற் பிறந்தார். தந்தையார் மாவரைக்கும் ஆலைத் தொழிலினர். ஆதலின் ஆலைக்காரன் பையன் எனப் பொருள்படும் மில்லர்கூட்டன் என்னும் பெயரே இவருக்கு நிலைத்தது. இசையெழுத்தை இவர் அறியார். பிற வித்துவான்கள் வாசிக்கக் கேட்டு, மனத்திற் பதித்து, தம் கைவண்ணமும் சேர்த்து வாசிப்பதே இவர் கண்ட கல்வி.

இவர் கையாண்டது ஹார்டாங்கர் பிடில். வில் தீண்டும் நான்கு தந்திகளின் அடியில் வேறு மெல்லிய தந்திகளும் அதில் உண்டு; அவை வில் படாமலே உடனொலித்து இன்பம் பயக்கும். ஸ்பிரிங்கார் என்னும் நடனமெட்டில் தாளம் மூன்று அடி. தெலமார்க்கிலோ அம்மூன்றும் சமமல்ல. முதலது நீளும், இரண்டாவது குறையும், மூன்றாவது மேலும் குறுகும். இந்நுட்பத்தைச் செவியன்றி ஏடு எளிதில் உணர்த்தாது.

உலகப் புகழ் வாய்ந்த பிடில் வித்துவான் ஓலே புல் இவர் திறங்கண்டு வியந்து, 1849 ஜனவரி 15-ஆம் நாள் தலைநகராகிய கிறிஸ்தியானியாவின் அரங்கில் இவரை ஏற்றினார். கலியாண வீடுகளில் ஒலித்த குடியானவர் இசை, நகர மாந்தர் முன் அன்று மதிப்புப் பெற்றது.

1872-இல் மில்லர்கூட்டன் காலமானார். எழுதிவைத்த ஏடு ஒன்றுமில்லை. அவர்தம் மெட்டுக்கள் மாணாக்கர் விரல்களிலேயே எஞ்சின. அம்மாணாக்கருள் ஒருவரான க்னூத் தாலே, தாம் மறைந்தால் அவையும் மறையுமே என அஞ்சி, 1888-இல் இசைப்புலவர் எட்வர்ட் கிரீகுக்குக் கடிதம் விடுத்தார். காரியம் கைகூடப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1901-இல் முதியவர் வாசிக்க, யோஹான் ஹால்வர்சன் என்னும் பிடில் வித்துவான் பதினேழு மெட்டுக்களை எழுதிக்கொண்டார். மில்லர்கூட்டன் பெயர் தாங்கிய மணமகள் ஊர்வல மெட்டும் அவற்றுள் ஒன்று. கிரீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்தார். இரண்டும் 1903-இல் அச்சேறின.

ஏடு மெட்டைக் காத்தது. தாளத்தின் உயிர்ப்பையும் வில்லின் நெளிவையும் முற்றும் காக்க அதனால் இயலவில்லை. அவற்றைக் காத்தவர் தாலேயின் எதிரில் அமர்ந்து கேட்டுக் கற்ற பேரர்களே. எழுத்தறியா ஆலைக்காரன் மைந்தனின் கலை இவ்விரு வழியாலும் பிழைத்தது. பெரியோர் நெஞ்சில் மட்டும் வாழும் வித்தைகளை அவர் வாழுங்காலத்தே சென்று கேட்டல் நம் கடனென்பதை இச்சரிதம் நமக்கு அறிவுறுத்துகின்றது.