திப்பு சுல்தான் 1792-ல் பணிந்தது ஏன்? சேர்வராயன் மலை கைமாறிய கதை

ஏற்காடு டிரிப் போனவர்கள் சேர்வராயன் கோயிலைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். மலை உச்சியில், தலையைக் குனிந்து நுழைய வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்த மலையும் கீழே தெரியும் சேலமும் 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இவை போனது திப்பு சுல்தான் ஏற்ற ஓர் ஒப்பந்தத்தால்தான்.

யார் இந்த திப்பு?

1751-ல் தேவனஹள்ளியில் பிறந்தவர். அப்பா ஹைதர் அலி. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையைச் சிதறடித்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1782-ல் அப்பா இறந்ததும் ஆட்சிக்கு வந்தார். 1784-ல் மங்களூரில் கம்பெனியைச் சமாதானத்துக்கு இறங்கி வரவைத்தார்.

அப்புறம் என்ன ஆச்சு?

1789 டிசம்பரில், கம்பெனியின் நட்பு நாடான திருவிதாங்கூரைத் தாக்கினார். கம்பெனி, மராத்தியர், ஹைதராபாத் நிஜாம் மூவரும் கைகோத்தார்கள். 1791 மார்ச்சில் பெங்களூர் போனது. ஆனாலும் மே மாதம் தலைநகர் வரை வந்த கார்ன்வாலிஸ், மழையாலும் உணவுப் பஞ்சத்தாலும் பெரிய பீரங்கிகளை அழித்துவிட்டுத் திரும்பினார். காலம் தன் பக்கம் என்று திப்பு நம்ப இது போதும்.

அந்த நம்பிக்கை எப்போது உடைந்தது?

அக்டோபரில் நந்தி மலை, டிசம்பரில் சாவன்துர்க் என, அசைக்க முடியாத கோட்டைகள் விழுந்தன. 1792 பிப்ரவரி 6 இரவு, காவிரியின் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் தீவிலேயே கம்பெனிப் படை காலூன்றியது. மலபாரிலிருந்து இன்னொரு படையும் வந்து சேர்ந்தது. கோட்டை இன்னும் விழவில்லை. ஆனால் காத்திருந்தால் நிலைமை மாறும் என்ற கணக்கு முடிந்துபோனது.

விலை என்ன?

பாதி நாடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய். பணம் முழுசாகக் கட்டும் வரை இரண்டு மகன்கள் பிணை. இருவரும் சின்னப் பையன்கள், 1794-ல்தான் திரும்பினார்கள். சேலம், பாராமகால், திண்டுக்கல் எல்லாம் கம்பெனிக்குப் போயின.

இவ்வளவையும் ஏன் ஒப்புக்கொண்டார்? ஏன்னா, அரியணையும் மீதிப் பாதியும் அவரிடமே இருந்தன. கார்ன்வாலிஸுக்கும் போரை இழுக்க ஆசையில்லை. மைசூரை முழுசாக எடுத்தால் கூட்டாளிகளோடு பங்கு போட வேண்டும்.

1945-ல் ஜப்பானிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். ஹிரோஷிமா, நாகசாகி அழிவோடு, சமரசம் பேசித் தருவார்கள் என்று நம்பியிருந்த சோவியத் யூனியனே ஆகஸ்ட் 8-ல் போர் அறிவித்தது. ஒரு வாரத்தில் சரணடைவு அறிவிப்பு வந்தது. பேரரசர் பதவி மிஞ்சியது.

அப்போ 1799-ல் ஏன் பணியவில்லை?

இந்த முறை கேட்டது மிச்சத்திலும் பாதி, 2 கோடி ரூபாய், நான்கு மகன்கள், நான்கு தளபதிகள். இதற்குப் பிறகு அரசன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. திப்பு மறுத்தார். மே 4 அன்று கோட்டை வாசலருகே சண்டையிட்டே இறந்தார்.

தோற்பதால் மட்டும் யாரும் சரணடைவதில்லை. பணிந்தால் ஏதாவது மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. 1792-ல் மிஞ்சியது, 1799-ல் மிஞ்சவில்லை.

சேலத்துக்கு கம்பெனி அதிகாரியாக அலெக்சாண்டர் ரீட் வந்தார். பின்னாளில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி நட்டார். அடுத்த முறை அங்கே காபி குடிக்கும்போது, அந்தத் தோட்டத்துக்கு வழிவிட்டது 1792 ஒப்பந்தம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.