முத்தும் புழுவும்: ஜேம்ஸ் ஹார்னெல் வரலாறு

பாண்டி நாட்டுக் கொற்கைத் துறை முத்தினாற் பெருமை எய்தியது. அம்முத்துச் சிப்பியினுள் எங்ஙனம் தோன்றுகின்றது என்னும் வினாவிற்கு, வானின்று வீழும் மழைத்துளியே முத்தாகும் என்று நம் முன்னோர் விடை கூறினர். அவ்விடையை ஒருபுறம் வைத்துவிட்டு, மீன்களின் குடலினுள்ளே விடை தேடியவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அறிஞர். அஞ்செட்டி போன்ற மலையூர்களில் வாழ்வோர் கடலைக் கருவாட்டின் வாயிலாகவே அறிவர். எனினும் தமிழ்க்கடலை ஆராய்ந்த இவர்தம் வரலாறு அவர்க்கும் இன்பம் பயப்பதேயாம்.

ஹார்னெல் 1865ஆம் ஆண்டிற் பிறந்தார். இளமையிலேயே கடலுயிர்களில் ஈடுபட்டு, ஜெர்சித் தீவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்தினார். அக்காலத்தில், 1891க்குப் பின் இலங்கை முத்துச்சிலாபம் நடைபெறாது நின்றமையால், அரசின் வருவாயும் குளிகாரர் பிழைப்பும் ஒருங்கே குன்றின. காரணம் ஆராயுமாறு அழைக்கப்பெற்ற லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், 1902இல் ஹார்னெலைத் துணையாகக் கொண்டு வந்தார். பேராசிரியர் சில திங்களில் மீண்டனர், ஹார்னெல் தங்கிவிட்டார்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் எடுத்த சிப்பிகளை அறுத்து நோக்கியபோது, அவற்றின் சதையிற் சிறு நாடாப்புழுக்களின் இளம்பருவங்கள் காணப்பட்டன. சிப்பியைத் தின்னும் கிளாத்தி முதலிய மீன்களும், அம்மீன்களை உண்ணும் திருக்கையும் அடுத்து ஆராயப்பட்டன. புழு சிப்பியில் இளம்பருவத்தைக் கழித்து, மீனில் வளர்ந்து, திருக்கையின் குடலில் முதிர்கின்றது என்று அவர்கள் கருதினர். சிப்பியினுள்ளே இறக்கும் புழுவைச் சுற்றியே முத்துத் திரள்கின்றது என்று இருவரும் முடிவு செய்தனர். சிப்பியை அழிக்கும் பகையென எண்ணப்பட்ட மீன், இம்முடிவின்படி முத்திற்குச் செவிலியாயிற்று!

இவ்வாராய்ச்சியின் பயனாக, இலங்கைக் கடல்மீன்களின் நாடாப்புழு, உருளைப்புழு ஆகியவற்றைப் பற்றிய அறிக்கையொன்றைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஷிப்லியுடன் சேர்ந்து 1906இல் வெளியிட்டார். ஒட்டுண்ணிகள் மீனுக்குச் செய்யும் தீங்கு யாதென ஈண்டு அறிதல் நலம். நாடாப்புழுவிற்கு வாயுமில்லை, குடலுமில்லை. மீன் செரித்த உணவைத் தன் தோலாலேயே உறிஞ்சும். சில உருளைப்புழுக்களின் இளம்பருவங்கள் ஈரலிற் குடிபுகும். அவை மிகின் மீன் மெலியும். செவுளைப் பற்றும் சிற்றுயிர்கள் குருதியை உறிஞ்சி மூச்சிற்கும் இடையூறு விளைக்கும். சிலவே இருப்பின் மீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பலவாயின் வளர்ச்சி குன்றும், முட்டையும் குறையும். ஆயினும் நோயுற்று மடிந்த மீனைக் கடலிற் காண்டல் அரிது. தளர்ந்த மீனைப் பெரிய மீன் விரைந்து விழுங்கிவிடுதலே அதன் காரணம். மீன் மாறி மீன் புகும் புழுவிற்கோ, அவ்விழுங்குதலே அடுத்த இல்லத்திற்கு வழியாகின்றது.

முத்துப் பற்றிய முடிவு நிலைபெறவில்லை. 1906இல் இலங்கைப் பார்களை 20 ஆண்டுகட்குக் குத்தகை கொண்ட குழுமம், சிப்பி கிடையாமையால் நொடித்தது. முத்துக்களின் நடுவே இருப்பது புழுவன்று என்று 1912இல் ஜேம்சன் என்னும் அறிஞர் மறுத்துரைத்தார். சிப்பியின் மேலுறைத் திசு இடம்பெயர்ந்து உள்ளே பையாக அமைதலே முத்திற்கு முதற்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1973இல் தூத்துக்குடியில் இந்திய விஞ்ஞானிகள் அத்திசுவையும் ஒரு மணியையும் சிப்பியினுள் வைத்தே உருண்டை முத்து விளைவித்தனர்.

முத்துக் கொள்கை வீழினும் ஹார்னெலின் உழைப்பு வீழவில்லை. சென்னை மாகாண மீன்துறையிற் சேர்ந்து, 1918 முதல் 1924 வரை அதன் தலைவராய் விளங்கினார். சங்கினைக் குறித்து 1914இல் நூல் எழுதினார். நம் கட்டுமரங்களையும் தோணிகளையும் கலைப்பொருளெனப் போற்றி ஆராய்ந்தார். ஓய்வுற்ற பின்னரும் எழுதுகோலை வைத்தாரல்லர். உலக மரக்கலங்களைப் பற்றிய பெருநூலை 1946இல் தம் எண்பதாம் அகவை கடந்து வெளியிட்டு, 1949இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! முத்தைத் தேடிச் சென்றவர் புழுவைக் கண்டார்; கண்டதை இழிவென ஒதுக்காது, அஃதெந்த மீனினது, எவ்வுறுப்பினது என ஒவ்வொன்றாய்க் குறித்தார். அவர் கொண்ட முடிவு பிழைபட்டது; குறித்த குறிப்புக்களோ, நம் கடல்மீன்களின் நோய் ஆராய்வோர்க்குத் தொடக்கப் படியாயின. உண்மையாய்க் கண்டெழுதிய குறிப்பு, எழுதியவன் கொள்கை மடிந்த பின்னும் வாழும் என்பதே இவர் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற முத்து.