நாளை என்று தள்ளாத நாவலர்

சமய நூல்களை நாம் மதிக்கிறோம், ஆனால் படிப்பதில்லை. ஓய்வு கிடைக்கும்போது படிக்கலாம் என்று அலமாரியில் அடுக்கிவைக்கிறோம். அந்த ஓய்வு வருவதேயில்லை. யாழ்ப்பாணம் நல்லூரில் 1822 டிசம்பர் 18 ஆம் திகதி பிறந்த ஆறுமுக நாவலரின் வாழ்வை இவ்வேளையில் நினைவுகூர்வது பயன்தரும் என நம்புகிறோம்.

அவரது தந்தையார் கந்தப்பிள்ளை நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கையிலேயே காலமானார். எஞ்சிய பகுதியைப் பாடி நிறைவுசெய்தவர் ஒன்பது வயது மகனே என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். குறையாய் நின்றதை முடித்துவைக்கும் இயல்பு இளமையிலேயே அவரிடம் இருந்தது.

வெஸ்லியன் பாடசாலையில் ஆசிரியராய் இருந்தபோது, பார்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்கு அவர் துணைநின்றார். தாம் ஏற்காத சமயத்தின் நூலாயினும் அதன் தமிழ் செம்மையாய் அமைய உழைத்தார். எளிய நடையில் மக்கள் கைக்கு எட்டும் சமய நூலுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை அப்பணியில் அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

உணர்ந்த பின் அவர் காத்திருக்கவில்லை. 1848 இல் வேலையைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். 1852 இல், 4,000 க்கும் மேற்பட்ட செய்யுள்களாலான பெரியபுராணத்தை உரைநடையாக்கி வெளியிட்டார். புலவர்களே சுவைத்துவந்த பக்தியின் அழகு, சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்ட தெளிந்த வசனத்தில் எழுத்தறிந்த எவருக்கும் உரியதாயிற்று.

அப்புராணத்தில் வரும் நாயன்மாருள் ஒருவர் திருநாளைப்போவார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தில்லைப் பயணத்தைத் தள்ளிவந்தவர். அது சோம்பலன்று, பிறப்பைக் காட்டி உலகம் இட்ட தடை. இக்கதையையும் வசனமாக்கிய நாவலர், சாதி ஒழுங்கை ஏற்றே எழுதினார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தம் பணியில் நாளை என்று சொல்லாதவர், பிறர் மீது சுமத்தப்பட்ட நாளையை அகற்ற முன்வரவில்லை. அவரைப் போற்றுவோர் இக்குறையையும் சேர்த்தே கற்க வேண்டும்.

நாளை இதைச் செய்வேன் என்று கூறுவோர், இறைவன் நாடினால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் போதிக்கிறது. நாளை நம் கையில் இல்லை என்பதே அதன் பொருள். நாவலரின் பாடசாலை எழுந்த அதே வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ், பிற்காலத்தில் இலங்கையில் இஸ்லாம் என்னும் நூலைத் தமிழில் தந்தார். நம்பிக்கைகள் வேறாயினும், சமயச் சிந்தனையை நல்ல தமிழில் சொல்லும் பணி இரு சமூகத்தாருக்கும் பொதுவானது.

1879 டிசம்பர் 5 ஆம் திகதி, 57 வயது நிறையுமுன் நாவலர் மறைந்தார். பெரியபுராணத்துக்கு அவர் எழுதிவந்த சூசனம் முற்றுப்பெறாமலே நின்றது. ஓயாது உழைத்தவருக்கே காலம் போதவில்லை. ஒத்திவைக்கும் நமக்கு எப்படிப் போதும்? அலமாரியில் காத்திருக்கும் நூலை இன்றே திறப்போம். ஒரு பக்கமேனும் படிப்போம்.