கொல்லிமலையின் பிராண்ட் பாட்டி



வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டை நம்மில் அநேகருக்குத் தெரியும். அவரைப் பெற்ற தாயாரைப் பற்றித்தான் அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த அம்மா நம்ம பெந்தெகொஸ்தே கூட்டத்தைச் சேர்ந்தவங்க இல்லை, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவங்க. ஆனாலும் அவங்க கதையை நம்ம சபையார் கேட்டே ஆகணும்.

ஈவ்லின் ஹாரிஸ் 1879-ம் ஆண்டு லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். நல்ல உடை, நல்ல வீடு, ஓவியக் கல்லூரிப் படிப்பு, ஒன்றுக்கும் குறைவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு அத்தனையையும் விட்டுவிட்டு மிஷனெரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1913-ல் ஜெசி பிராண்ட் என்ற வாலிப ஊழியரை மணந்து, கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலைக்கு ஏறினார்.

இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போகிறோம். அன்றைக்கு ரோடே கிடையாது. ஒத்தையடிப் பாதையில் நடக்கணும், இல்லாவிட்டால் டோலியில் போகணும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டு ஜனங்கள் அங்கே ராத்தங்க மாட்டார்கள். வாழவந்தி என்ற ஊரில் ஜெசி தன் கையாலேயே மரவீடு கட்டினார். பாலும் தங்கை கோனியும் அங்கேதான் வளர்ந்தார்கள். இருவரும் மருந்து கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார்கள். ஆனால் வருஷக்கணக்காக ஒரு ஆத்துமாகூட இரட்சிக்கப்படவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்புக்குப் பயந்து ஜனங்கள் ஒதுங்கியே நின்றார்கள்.

முதல் உலக யுத்தம் முடிகிற சமயம் விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. வீடு வீடாகச் சாவு. சொந்தக்காரர்களே விட்டு ஓடிவிட்டார்கள். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். அந்தப் பூசாரியும் படுத்த படுக்கையானார். எதிர்த்த மனுஷன், சாகும்போது தன் கைக்குழந்தையை இவர்கள் கையில்தான் ஒப்புவித்தார்! அதிலிருந்துதான் மலையில் கதவு திறந்தது, சபையும் உண்டானது.

1929 ஜூன் 15-ம் தேதி ஜெசி காய்ச்சலில் மரித்துப்போனார். வயது நாற்பத்து நான்கு. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பாலுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின்பும் கப்பலில் வந்த அப்பாவின் கடிதங்கள் வாரக்கணக்காக வந்துகொண்டே இருந்தனவாம். ஈவ்லின் அம்மாள் சொந்த நாட்டுக்குப் போனார், ஆனால் தங்கவில்லை. திரும்பி வந்தார்.

மிஷன் அவரைச் சமவெளியிலேயே வைத்திருந்தது. அவருக்கோ மனசெல்லாம் மலைமேல். சுற்றியுள்ள ஐந்து மலைகளிலும் சுவிசேஷம் சொல்லணும் என்று கணவனும் மனைவியும் முன்னமே தீர்மானித்திருந்தார்கள். 1947-ல் அவருக்கு அறுபத்தெட்டு வயது. இனி ஊழியம் போதும், ஊருக்குத் திரும்புங்கள் என்று மிஷன் சொன்னது. ஒரே ஒரு வருஷம் என்று கெஞ்சி வாங்கினார். வருஷம் முடிந்தது, வழியனுப்பும் நேரமும் வந்தது. அப்போதுதான் விஷயம் வெளியானது: மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு தைரியம் பாருங்க! மிஷன் ஆதரவு இல்லாமல், ஒரு சின்னக் குடிசையில், ஒத்தை ஆளாக ஆரம்பித்தார்.

மட்டக்குதிரை மேல் ஏறி ஊர் ஊராகச் சுற்றினார். கல்வராயன் மலை வரைக்கும் போனார். அங்கேயும் மருந்துப் பெட்டியும் வேதாகமமும்தான். நரம்புச் சிலந்தியை வேரோடு ஒழிக்கணும் என்று கிணறு கிணறாகப் போய்ப் பேசினார். புழு உள்ள காலோடு தண்ணீரில் இறங்கினால், அதைக் குடிக்கிறவர்களுக்கும் வரும். அதனால் கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொன்னார்.

எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவு முழுக்கத் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்து, நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் சுமந்து மலையிறக்கினார்கள். பிறகு ஜீப்பில் சுமார் 150 மைல்.

டாக்டர் மகன் மன்றாடினார்: இனி போதும் அம்மா, கீழேயே இருங்க. மகனுடைய பயத்தை யார் குறை சொல்ல முடியும்? மகன் வழியில் மாத்திரம் ஆறு பேரப்பிள்ளைகள், அவர்களோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அம்மாளோ, தேவனுக்கும் ஜனங்களுக்கும் பயன்படாத கிழட்டு உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்ய என்று கேட்டுவிட்டு, இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு மறுபடியும் மலையேறினார்.

கடைசி இருபது வருஷம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. சுருக்கம் விழுந்த அந்த முகத்தைப்போல் அழகான முகத்தைத் தான் கண்டதில்லை என்பது மகனுடைய சாட்சி. தொண்ணூற்று மூன்று வயதில் குதிரையில் உட்கார முடியாமல் போனது. அப்போது மலை ஜனங்களே அவரைத் தூளியில் வைத்து ஊர் ஊராகச் சுமந்தார்கள்.

1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில், பாட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெட்டி செய்து மரத்தை வீணாக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம். சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலை மண்ணில், ஜெசியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.