அணுவுக்கு அளவுகோல் தந்தவர்

எலெக்ட்ரானின் நிறையைக் கிராமில் எழுதிப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் 27 சைபர் போடணும், கை வலிக்கும்!

1897-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த டக்ளஸ் ஹார்ட்ரீ, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அணுக்களுக்குக் கையாலேயே கணக்குப் போட்டவர். 1928-ல் சுலப வழி கண்டார். எலெக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், 2 பையால் வகுத்த பிளாங்க் மாறிலி மூன்றையும் 1 என்று வைத்தார். சைபரெல்லாம் ஓடிப்போச்சு!

ஓய்வுபெற்ற தந்தை வில்லியம், மகனோடு சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1934-ல் மான்செஸ்டரில் மாணவர் ஆர்தர் போர்ட்டரோடு, மெக்கானோ பொம்மைச் சாமான்களை வைத்தே கணக்கு மெஷின் செய்தார் ஹார்ட்ரீ. 1958-ல் மறைந்தார். அந்த முறையில் ஆற்றலின் அலகுக்கு அவர் பெயர்தான்.

எங்க வீட்டில் என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட ஆளில்லை. படிக்க வந்த முதல் ஆள் நான். நாளைக்குத் தம்பியோடு நான் உட்காருவேன்.