மர மாதிரியை எண்ணாக மாற்றிய என்ஜினீயர்

தூத்துக்குடித் தோணியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அந்த மரக்கலத்தின் வயிற்றுப் பக்கத்தில் நேர்க்கோடு என்பதே கிடையாது. முன்னால் கூர்ந்து, நடுவில் பருத்து, பின்னால் மறுபடியும் ஒடுங்கும். படகு கட்டும் தச்சருக்கு ஓடாவி என்று பெயர். அந்தக் காலத்து ஓடாவிகள் பெரும்பாலும் காகிதத்தில் படம் போட்டுக் கொண்டதில்லை. வளைவு அவர்கள் கண்ணில் இருந்தது, கையில் இருந்தது. மகனுக்கோ மருமகனுக்கோ கற்றுக் கொடுத்தார்கள். கற்றுக் கொடுக்காமல் கண்ணை மூடிவிட்டால், அந்த வளைவும் அவரோடு போயிற்று!

கடல் கடந்த பிரான்ஸ் நாட்டில், ஒரு பெரிய மோட்டார் கார் தொழிற்சாலையிலும் இதே சங்கடம் இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. அதைத் தீர்க்கப் பாடுபட்டவர் பியேர் பெசியே. இன்று கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்கள் தினமும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். பெசியே வளைவு என்பது அவர்களுக்குப் பழகிப்போன சொல். அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது.

என்ஜினீயர் குடும்பம்

1910-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி பாரிஸ் நகரில் பெசியே பிறந்தார். தந்தை என்ஜினீயர். பாட்டனாரும் என்ஜினீயர். பேரன் வேறு எந்த வழியில் போவார்? 1930-ல் யந்திரத் தொழிலில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே மின்சாரத் தொழிலிலும் பட்டம் பெற்றார். 1933-ல் ரெனோ கார் கம்பெனியில் சேர்ந்தார்.

இரண்டு பட்டம் பெற்றவராயிற்றே என்று அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கவில்லை. யந்திரங்களில் கருவிகளைப் பொருத்திச் சரி பார்க்கும் வேலைதான் கிடைத்தது. மறு வருஷம் கருவிகளுக்குப் படம் போடும் வேலை. அதே கம்பெனியில் 42 ஆண்டுகள் இருந்தார். பட்டறையில் கை கறுத்தவர் என்பதை மறக்கக் கூடாது. அவர் பிற்காலத்தில் செய்த காரியத்துக்கு அதுதான் அஸ்திவாரம்.

சிறையிலும் சும்மா இல்லை

இரண்டாவது உலகப் போர் வந்தது. பெசியே ஜெர்மானியரிடம் போர்க் கைதியாகச் சிக்கினார். சிறையில் இருந்தபோதும் அவர் மனம் பட்டறையிலேயே சுற்றியது. இரும்புத் துண்டு ஒரு முனையில் நுழைய வேண்டும். தானாகவே நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். ஓரிடத்தில் துளை, ஓரிடத்தில் கடைசல் என்று வேலை முடிந்து மறு முனையில் வெளியே வர வேண்டும். அமெரிக்காவில் முளைத்த இந்த யோசனையைச் சிறையிலேயே வளர்த்தார்.

போர் முடிந்தபின் அது பலித்தது. ரெனோவின் 4சிவி என்ற சின்னக் காருக்கு வேண்டிய யந்திர பாகங்களில் பெரும்பகுதி இத்தகைய யந்திர வரிசைகளில்தான் தயாராயிற்று. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரெஞ்சுக் கார் அது.

எது சரியான அளவு?

பாகங்கள் பிரச்சினை தீர்ந்தது. காரின் மேனிதான் தீரவில்லை.

ஓவியர் முதலில் படம் போடுவார். அதைப் பார்த்துக் களிமண்ணில் கார் செய்வார்கள். களிமண்ணைப் பார்த்து மரத்தில் ஒரு மாதிரி செதுக்குவார்கள். மர மாதிரியைப் பார்த்துத் தகடு அழுத்தும் அச்சைச் செய்வார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் வளைவு மயிரிழை விலகும். மரமோ மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். கடைசியில் கதவு வாசலில் பொருந்தாது! அப்போது அச்சு செய்தவர் மரத்தச்சரைக் குறை சொல்வார். மரத்தச்சர் ஓவியரைக் குறை சொல்வார். யார் சொல்வது சரி என்று எப்படித் தீர்ப்பது?

1960-ல் பெசியேக்கு வயது 50. ஓய்வை நினைக்கிற வயது. அவரோ புதிதாக ஒன்றைத் தொடங்கினார். வளைவை மரத்தில் வைத்தால்தானே ஊதும்? எண்ணில் வைத்துவிட்டால்? எண் ஊதாது, சுருங்காது. பாரிசில் எழுதினாலும் தூத்துக்குடியில் படித்தாலும் 7 என்பது 7-தான்.

எறும்பும் நூலும்

வளைவை எண்ணில் வைப்பது எப்படி? வீட்டில் பெண்கள் போடும் கோலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். முதலில் புள்ளி, பிறகு கம்பி. சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடுவதில்லை, சுற்றிப் போகிறது. பெசியே வளைவும் ஏறக்குறைய அப்படித்தான்.

தரையில் மூன்று புள்ளி வையுங்கள். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு ஓர் எறும்பு போகட்டும். அதே சமயம் இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு இன்னோர் எறும்பு போகட்டும். இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். இரண்டு எறும்புக்கும் நடுவே ஒரு நூல் கட்டியிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த நூலின் மேல் மூன்றாவது எறும்பு ஒன்று, அதே கணத்தில் புறப்பட்டு, அதே கணத்தில் மறு முனையை அடைகிறது. அது நடந்த தடம்தான் வளைவு!

நடுப் புள்ளியை அந்தத் தடம் தொடாது. ஆனால் அந்தப் பக்கமாக இழுபட்டிருக்கும். புள்ளியைச் சற்று நகர்த்தினால் வளைவு முழுவதும் தானே மாறிவிடும். காருக்கு நான்கு புள்ளியும் அதற்கு மேலும் வைத்தார்கள். புள்ளிகளின் எண்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது படம் போடும். அதே எண்களைக் கொண்டு வெட்டும் யந்திரம் மாதிரியைச் செதுக்கும். கணக்குத் தெரியாத ஓவியரும் புள்ளியை நகர்த்தலாம். பெசியேயின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது.

மேலிடத்தில் உடனே மாலை போட்டுவிடவில்லை. இவ்வளவு நல்ல முறையாக இருந்தால் அமெரிக்கர்கள் முன்பே கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று கேட்டார்களாம். அவர் விடவில்லை. 1968-ல் யூனிசர்ஃப் என்ற பெயரில் அவர் முறை தொழிற்சாலையில் வேலைக்கு வந்தது.

பிறகு அது கார் கம்பெனியோடு நிற்கவில்லை. 1984-ல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு முறை, எழுத்துகளின் சுழிகளை இதே வளைவுகளால் வரைந்தது. இன்று கம்ப்யூட்டரில் கோக்கும் தமிழ் எழுத்தின் ‘ழ’வும் ‘ஞ’வும் இந்தப் புள்ளிக் கணக்கில் பிறந்தவைதான். 1986-ல் ஆட்டோகேட் என்ற வரைபட முறையோடு ஆட்டோலிஸ்ப் என்ற கட்டளை மொழி சேர்ந்தது. படகின் நீளம், அகலம், வளை மரங்களுக்கு இடையே எத்தனை அடி என்று விதியை ஒரு முறை எழுதி வைத்தால் போதும். வேறு நீளம் கொடுத்தால் வேறு படகு வரைந்து தரும். ஓடாவி மனத்தில் வைத்திருந்த விதியை இப்படி எழுதி வைக்க முடிகிறது.

முதலில் கண்டவர்

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சிட்ரோன் என்ற போட்டிக் கார் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ என்ற கணித நிபுணர் இருந்தார். அவர் 1959-லேயே இதே வளைவைக் கண்டிருந்தார். எறும்பு நடந்த வழி உண்மையில் அவருடையதுதான். ஆனால் அவர் கம்பெனி அதை இரகசியமாகப் பூட்டி வைத்தது. பெசியே தம் முறையைக் கட்டுரைகளாக வெளியிட்டார். உலகம் படித்தது பெசியேயை. பெயரும் அவருக்கே போயிற்று.

1975-ல் பெசியே ஓய்வு பெற்றார். 1977-ல், 66 வயதில், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்! 1999-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி 89-வது வயதில் காலமானார். அவர் பெயரில் ஒரு விருது ஏற்பட்டது. 2012-ல் அந்தப் பெசியே விருதைப் பெற்றவர், தெ காஸ்தெல்ஜோ.