லுடோல்ஃப் வான் கியூலன்

லுடோல்ஃப் வான் கியூலன் (ஜனவரி 28, 1540 - டிசம்பர் 31, 1610) பை என்னும் கணித மாறிலியின் மதிப்பை 35 தசம இடங்கள் வரை கணித்த கணிதவியலாளர் ஆவார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமே பை ஆகும். வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்விகிதம் மாறுவதில்லை.

வாழ்க்கை

ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைம் நகரில் பிறந்த இவர் நெதர்லாந்தில் குடியேறி, டெல்ஃப்ட், லைடன் நகரங்களில் வாள்வீச்சும் கணிதமும் கற்பித்தார். கிரேக்க மொழி அறியாத இவருக்காக ஆர்க்கிமிடீசின் ஆய்வை நண்பர் ஒருவர் டச்சு மொழியில் பெயர்த்தளித்தார். 1600 இல் லைடன் பொறியியல் பள்ளியில் ஆசிரியரானார்.

பையின் மதிப்பு

ஆர்க்கிமிடீஸ் வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கப் பல்கோணங்களை வரைந்து, பையின் மதிப்பு எவ்விரு எண்களுக்கு இடைப்பட்டது எனக் கண்டார். வான் கியூலன் அம்முறையிலேயே பக்கங்களை மீண்டும் மீண்டும் இரட்டித்தார். ஒவ்வொரு படியிலும் நீண்ட எண்களுக்கு வர்க்கமூலம் காண வேண்டியிருந்தது; அனைத்தையும் கையாலேயே கணித்தார். 1596 இல் வெளியான இவரது நூலில் 20 இடங்கள் இடம்பெற்றன. 35 இடங்களுக்குப் பல்கோணத்தின் பக்கங்கள் 2 இன் 62 ஆம் அடுக்கு வரை சென்றன.

மறைவுக்குப் பின்

இவரது மாணவர் வில்லிபிரார்ட் ஸ்னெல், மிகக் குறைந்த பக்கங்களில் அதே துல்லியத்தைத் தரும் முறையை 1621 இல் வெளியிட்டார். ஆசிரியரின் நெடுங்கால உழைப்பை அம்முறை எளிதாக்கியது. அவர் கண்ட விடை சரியென்றும் உறுதிசெய்தது. ஜெர்மனியில் பை நெடுங்காலம் லுடோல்ஃப் எண் என அழைக்கப்பட்டது. லைடன் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் இம்மதிப்பைத் தாங்கியிருந்த இவரது கல்லறைக்கல் தொலைந்துபோனது. அதற்கு மாற்றாக 2000 இல் புதிய கல் நிறுவப்பட்டது.